மலை ஏறிய பாண்டியர்: பூஞ்சாற்று அரசின் தோற்றம் பற்றி ஓர் ஆய்வு

மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் செல்லும் சாலையில் 13 கிலோமீட்டரில் இருக்கிறது மாட்டுப்பட்டி. 1953இல் கட்டி முடித்த அணையும், 1963இல் தொடங்கிய இந்தோ-சுவிஸ் கால்நடைப் பண்ணையும், கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலையும்தான் இன்று அவ்வூரின் அடையாளம். ஆனால் இந்த மலைகளின் உரிமைப் பத்திரங்களைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டு போனால் 1877 ஜூலை 11ஆம் நாளில் போய் நிற்போம். அன்று பூஞ்சாற்று வலிய ராஜா கேரள வர்மா, ஜான் டேனியல் மன்றோ என்பவருக்குக் கண்ணன் தேவன் அஞ்சுநாட்டு மலையை எழுதிக் கொடுத்தார். பரப்பு ஏறத்தாழ 227 சதுர மைல். கைமேல் 5,000 ரூபாய், பிறகு ஆண்டுக்கு 3,000 ரூபாய் என்பது பேச்சு. அடுத்த ஆண்டே திருவிதாங்கூர் அரசு சில நிபந்தனைகளோடு அதை ஒப்புக்கொண்டது.

மீனச்சில் ஆற்றங்கரையில், ஈராட்டுப்பேட்டைக்கு அருகே, மலையடிவாரத்தில் இருந்த ஒரு சிறு அரசக் குடும்பத்துக்கு இத்தனை பெரிய மலைநாட்டின்மேல் உரிமை எப்படி வந்தது? அக்குடும்பம் சொல்லும் விடை தெளிவானது: நாங்கள் மதுரைப் பாண்டியரின் ஒரு கிளை, மேற்கே வந்தபோது மலையும் எங்களோடு வந்தது. இந்த விடையைத் திருவிதாங்கூர் வரலாறு எழுதியவர்கள் பெரும்பாலும் அப்படியே ஏற்றார்கள். பின்னால் வந்த ஆய்வாளர்கள் ஐயத்தோடு பார்த்தார்கள். மலையில் வாழும் முதுவரும் மன்னான்களும் ஊராளிகளும் தங்களுக்கென்று வேறொரு வடிவம் வைத்திருக்கிறார்கள். இந்த விடைகள் ஒவ்வொன்றும் எங்கிருந்து புறப்பட்டன, எங்கே நொண்டுகின்றன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

மரபு சொல்வது

பூஞ்சாற்று மரபின்படி அரசை நிறுவியவர் மானவிக்ரம குலசேகரப் பெருமாள் என்ற பாண்டிய அரசர். மதுரையில் தோற்று, குடும்பத்தோடும் நம்பிக்கையான குடிகளோடும் மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்தார். குமுளி, வண்டிப்பெரியாறு வட்டாரம் அவர் வந்த வழி என்பார்கள். காட்டுவழியில் கொள்ளையர் தாக்கியபோது யானைமேல் வந்த ஒருவர் காப்பாற்றினார், அவர் சாஸ்தாவே என்பது கதையின் ஒரு வடிவம். பிறகு தெக்கும்கூர் அரசரிடமிருந்து நிலம் விலைக்கு வாங்கி, கூடவே கொண்டுவந்த மீனாட்சி, சுந்தரேசுவரர் திருமேனிகளை நிலைநாட்டி, பூஞ்சாற்றில் அமர்ந்தார்.

இக்கதை தனியாக நிற்கவில்லை. தெற்கே பந்தளத்து அரச குடும்பமும் பாண்டிய வழி என்றே தன்னைச் சொல்லிக்கொள்கிறது. தென்காசி, அச்சன்கோவில் வழியாக வந்ததாக நம்புகிறது. சபரிமலை ஐயப்பன் கதையில் வரும் பந்தளத்து அரசர் அக்குடும்பத்தவரே. பந்தளம் 1820இல் திருவிதாங்கூரோடு முழுமையாக இணைந்துவிட்டது. ஆக, மலையின் மேற்குச் சரிவில் ஒரே வகைக் கதையைச் சொல்லும் இரண்டு அரசுகள் இருந்தன. இரண்டுக்கும் காட்டுத் தெய்வமான சாஸ்தாவோடு நெருங்கிய உறவு உண்டு. இந்த ஒற்றுமை மரபுக்குப் பலம் சேர்க்கிறது என்று சிலர் கருதுவர். இரண்டு கதைகளும் ஒரே அச்சில் வார்த்தவை என்பதற்கே அது சான்று என்றும் அதே அளவு நியாயத்தோடு சொல்லலாம்.

பன்னிரண்டாம் நூற்றாண்டு என்போர்

மரபை ஏற்பவர்களுக்குள்ளேயே காலம் பற்றிக் கருத்து ஒன்றுபடவில்லை. ஒரு சாரார் 12ஆம் நூற்றாண்டை முன்வைக்கிறார்கள். அக்காலத்தில் மதுரை பட்ட பாட்டுக்குக் கல்வெட்டுச் சான்று நிறைய உண்டு. 1160களில் பராக்கிரம பாண்டியனும் குலசேகர பாண்டியனும் அரியணைக்காக மோதினார்கள். இலங்கையின் பராக்கிரமபாகு ஒருவருக்குப் படை அனுப்ப, சோழ இரண்டாம் இராசாதிராசன் மற்றவருக்குத் துணை நின்றான். மகாவம்சமும், ஆர்ப்பாக்கம், பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டுகளும் இப்போரைப் பற்றிப் பேசுகின்றன. பிறகு மூன்றாம் குலோத்துங்கன் மதுரைமேல் பலமுறை படையெடுத்தான். அவனிடம் தோற்ற வீரபாண்டியன் சேரநாட்டில் தஞ்சம் புகுந்தான் என்பது அறிஞர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட செய்தி.

இதற்கும் முன்னால் ஒரு முன்னுதாரணம் உண்டு. 10ஆம் நூற்றாண்டில் முதற் பராந்தக சோழனிடம் தோற்ற மூன்றாம் இராசசிம்ம பாண்டியன், முதலில் இலங்கைக்குப் போனான். முடியையும் அரசச் சின்னங்களையும் அங்கேயே விட்டுவிட்டுக் கேரளத்துக்குச் சென்றான் என்று மகாவம்சம் கூறுகிறது. அவனுடைய தாய் வானவன் மாதேவி, பெயரே காட்டுவதுபோல, சேரர் குலத்தவள். அவனைப் பற்றிப் பேசும் செப்பேடு கிடைத்த ஊர் சின்னமனூர். அங்கிருந்து பார்த்தால் மேற்கே ஏலமலைச் சுவர் தெரியும். தோற்ற பாண்டியன் சேர உறவினரைத் தேடி மேற்கே போவது, அப்படியானால், வரலாற்றில் குறைந்தது இரண்டு முறை பதிவான நடப்பு. பூஞ்சாற்று மரபை வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாததற்கு இதுவே வலுவான காரணம்.

இருந்தும் இது நடந்திருக்கலாம் என்பதற்கான வாதம் மட்டுமே. நடந்தது என்பதற்கான சான்று வேறு. பாண்டியர் மாறவர்மன், சடையவர்மன் என்று மாறி மாறிப் பட்டம் சூடியவர்கள். குலசேகரன் என்ற பெயர் அவர்களிடம் உண்டு. மானவிக்ரமன் என்பதோ பாண்டியர் கல்வெட்டுகளில் பழகிய பெயரன்று. கோழிக்கோட்டுச் சாமூதிரிகள் வழிவழியாகச் சூடிய பெயர் அது. குலசேகரப் பெருமாள் என்ற கூட்டும் வேணாட்டிலும் பழைய சேரப் பெருமாள்களிடமும் கேட்ட ஒலி. ஆக, நிறுவியவரின் பெயரே மதுரைப் பெயராக ஒலிப்பதைவிடக் கேரளத்துப் பெயராகவே ஒலிக்கிறது. மேற்கே வந்தபின் சூடிய பட்டம் என்று விளக்கம் சொல்ல இடமுண்டு. அப்படிச் சொன்னால் மதுரையில் அவர் யார் என்று அடையாளம் காட்டும் கடைசி நூலும் அறுந்துவிடுகிறது.

மாலிக் கபூருக்குப் பிறகு என்போர்

இன்னொரு சாரார் 14ஆம் அல்லது 15ஆம் நூற்றாண்டைச் சொல்கிறார்கள். 1311இல் மாலிக் கபூரின் படை மதுரையை அடைந்தது. 1335 அளவில் மதுரையில் தனி சுல்தானியம் தோன்றியது. 1371 அளவில் விசயநகர இளவரசன் குமார கம்பணன் அதை வீழ்த்தினான். இடைப்பட்ட காலத்தில் பாண்டியர் தெற்கே நகர்ந்தார்கள். 15ஆம் நூற்றாண்டில் தென்காசியில் அவர்கள் மறுபடி தலையெடுத்தது தெரிந்த செய்தி.

தெய்வத் திருமேனியைச் சுமந்துகொண்டு மலைக்கு ஓடுவது என்ற செய்தி இக்காலத்தோடுதான் நன்றாகப் பொருந்துகிறது. திருவரங்கத்து அழகிய மணவாளன் திருமேனி 1323இல் ஊரை விட்டு வெளியேறி, மதுரை வட்டாரம், கேரளம், மைசூர்ப் பகுதி, திருமலை என்று அலைந்து 1371இல் திரும்பியதை அக்கோயிலின் வரலாற்று ஏடான கோயிலொழுகு விவரிக்கிறது. அதே அரைநூற்றாண்டில் மீனாட்சியின் ஒரு திருமேனியும் மலை ஏறியிருக்கலாம் என்பது இயல்பான ஊகம்.

இக்கருத்தின் பலவீனம், அதன் பலத்திலேயே இருக்கிறது. திருவரங்கத்துக் கதை தென்னாடு முழுவதும் பரவிய கதை. அது பரவிய பிறகு, தெய்வத்தோடு வந்தோம் என்று சொல்ல விரும்பிய எந்தக் குடும்பத்துக்கும் அச்சு தயாராக இருந்தது. மேலும், 14ஆம் நூற்றாண்டில் இடம்பெயர்ந்தவர்களைப் பற்றிய மலைவாழ் மக்களின் நினைவுகளில் நாயக்கர் வருகையும் சேர்ந்து கலந்திருக்கிறது. முதுவர் பெயர்ந்ததற்குப் போடிநாயக்கனூரைத் தெலுங்கர் கைப்பற்றியது காரணம் என்று ஒரு வடிவம் பதிவாகியிருக்கிறது. மதுரையில் நாயக்கர் ஆட்சி 1529இல்தான் தொடங்குகிறது. இரண்டு நூற்றாண்டுகளின் அதிர்ச்சிகள் ஒரே கதைக்குள் மடிந்திருக்கின்றன என்றே இதைப் படிக்க வேண்டும்.

குலமரபை ஏற்றுக்கொண்ட தலைவர்கள் என்போர்

மூன்றாவது நிலைப்பாடு, வந்தேறிய அரசன் என்ற கருத்தையே கேள்விக்குள்ளாக்குகிறது. 1124 அளவில் மகோதயபுரத்துப் பெருமாள் ஆட்சி கலைந்தபின் மத்திய திருவிதாங்கூர்ப் பகுதி பல நாடுகளாகப் பிரிந்தது. வெம்பலிநாடு தெக்கும்கூராகவும் வடக்கும்கூராகவும் உடைந்தது. தொடுபுழைக்கு அருகே காரிக்கோட்டைத் தலைநகராகக் கொண்டு கீழ்மலைநாடு இருந்தது. இப்படிப்பட்ட சூழலில் மலைவளத்தைக் கையில் வைத்திருந்த ஓர் உள்ளூர்த் தலைவன், பிராமணரும் அண்டை அரசரும் மதிக்கும் அரச வமிசமாக ஆக வேண்டுமானால் ஒரு பேரரசக் குலத்தோடு தொடர்பு காட்ட வேண்டியிருந்தது. சுரஜித் சின்ஹா 1962இல் மத்திய இந்தியப் பழங்குடி அரசுகள் இராசபுத்திர வழியைச் சொல்லிக்கொண்ட முறையை ஆராய்ந்து எழுதியது இவ்வகைப் படிப்புக்கு முன்மாதிரி. சத்திரிய நிலை என்பது பிறப்பில் கிடைப்பதைப் போலவே அரசு உருவாகும்போது ஏற்றுக்கொள்வதும்தான் என்பது அவர் காட்டிய வழி.

இவர்கள் பெரிதாகச் சுட்டுவது தாய்வழி உரிமையை. பாண்டியர் தந்தைவழியினர், பூஞ்சாற்றுக் குடும்பத்தில் மருமக்கத்தாயம். தந்தைவழி அரசகுலம் தன் அடிப்படை முறையையே கைவிடுமா என்பது அவர்களது கேள்வி. ஆனால் இவ்வாதம் தோன்றும் அளவுக்கு உறுதியானதன்று. நாஞ்சில் நாட்டு வேளாளர் தமிழர்தாம். திருவிதாங்கூர் ஆட்சிக்குள் வாழ்ந்து மருமக்கத்தாயத்தை மேற்கொண்டார்கள். 1926இல் தனிச் சட்டம் வந்துதான் அது மாறியது. கோவிலகங்கள் எனும் மலையாள அரச இல்லங்களோடு மணஉறவு வைக்க விரும்பிய குடும்பம் அவர்கள் முறைக்கு மாறுவதில் வியப்பில்லை. மருமக்கத்தாயம் பூஞ்சாற்றுக் கோரிக்கையை மறுப்பதும் இல்லை, நிறுவுவதும் இல்லை. இந்த ஐயவாதிகளிடம் எனக்குள்ள குறை வேறு. எல்லா மரபுக் கதைகளையும் ஒரே சூத்திரத்தால் விளக்கிவிடும் போக்கு அவர்களிடம் இருக்கிறது. சில கதைகள் பொய்யாக இருப்பதாலேயே எல்லாம் பொய்யாகிவிடாது.

நேபாளத்தில் நடந்த ஒரு சோதனை

இங்கே இமயமலையிலிருந்து ஓர் ஒப்பீடு பெரிதும் உதவும். கங்கைச் சமவெளியின் வடவோரத்தில், மிதிலையின் சிம்ரௌன்கட் கோட்டையை 1324-25இல் கியாசுதீன் துக்ளக்கின் படை தாக்கியது. அரசன் ஹரிசிம்மதேவன் வடக்கே மலைக்குள் ஓடினான். பிற்கால நேபாள வமிசாவளிகள் சொல்வது இது: அவன் தன் குலதெய்வம் தலேஜுவோடு வந்து, காட்மாண்டுப் பள்ளத்தாக்கை வென்று, அரச மரபை நிறுவினான், மல்ல அரசர்கள் அவன் வழியினர். படையெடுப்பு, தோல்வி, தேவியோடு மலையேற்றம், புது அரசு என்ற நான்கு படிகளும் பூஞ்சாற்றுக் கதையோடு அப்படியே பொருந்துகின்றன.

இத்தாலிய அறிஞர் லூசியானோ பெடெக் 1958இல் வெளியிட்ட நேபாள இடைக்கால வரலாற்று நூலில் இக்கதையைக் காலத்தால் நெருங்கிய சான்றுகளோடு ஒப்பிட்டார். அவருக்கு வாய்த்தது கோபாலராச வமிசாவளி. சயஸ்திதி மல்லன் காலத்தில், அதாவது 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே, எழுதப்பட்ட ஆவணம் அது. அதன்படி ஹரிசிம்மதேவன் பள்ளத்தாக்கை அடையவே இல்லை. வழியில், தீன்பாட்டன் என்ற இடத்தில் இறந்துபோனான். உடன் வந்தவர்களை உள்ளூர்த் தலைவன் ஒருவன் பிடித்துவைத்துச் செல்வத்தையும் பறித்துக்கொண்டான். அவன் மனைவி தேவலதேவியும் மகனும் பிழைத்து பக்தபூருக்கு வந்தார்கள். தேவலதேவி மெல்ல மெல்ல அங்கே பெரும் அரசியல் செல்வாக்குப் பெற்றாள். அவள் பேத்தி ராஜல்லதேவியை மணந்தவன்தான் சயஸ்திதி மல்லன்.

பிற்கால வமிசாவளி முழுப் பொய்யா என்றால், இல்லை. குருதி உண்மையிலேயே மலைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆனால் வெற்றி வேந்தன் ஒருவன் வழியாக அன்று. ஒரு கைம்பெண், அவள் பேத்தி ஆகியோர் வழியாக. ஆண்வழியாகத் திருத்தி எழுதியபோது பெண்கள் விடுபட்டுப் போனார்கள். பூஞ்சாற்று ஆய்வில் நான் பெரிதும் மதிக்கும் பாடம் இது. உண்மைக்கும் புனைவுக்கும் நடுவே மூன்றாவது ஒரு வழி இருக்கிறது: வந்தவர் அரசனாக இல்லாமல் இருக்கலாம், அரச மகளாக இருக்கலாம், கோவிலகத்துக்கு மணமுடித்துக் கொடுத்த ஒருத்தியாக இருக்கலாம். தாய்வழியில் உரிமை கணக்கிடும் ஒரு குடும்பத்தில் இந்த வாய்ப்பை யாரும் முறையாக ஆராயாதது விந்தைதான்.

வேறுபாடும் அதே அளவு முக்கியம். நேபாளத்தில் சம்பவத்துக்கு இரண்டு தலைமுறைக்குள் எழுதிய ஆவணம் கிடைத்தது. பூஞ்சாற்று மரபின் அச்சான வடிவங்களோ 19ஆம் நூற்றாண்டுக்கும் அதற்குப் பின்னும் உரியவை. பெடெக்கின் முறையை இங்கே பொருத்த விரும்பினால் முதலில் தேட வேண்டியது, இரண்டு தலைமுறைத் தூரத்தில் நிற்கும் ஓர் ஓலையை.

சுமந்து வந்தவர்களின் கணக்கு

அரச குடும்பத்தின் கதையை விட்டுவிட்டு மலையின் மக்களிடம் போனால் காட்சி மாறுகிறது. மாட்டுப்பட்டியைச் சுற்றியுள்ள மலைகளில் முதுவர் குடிகள் உண்டு. மதுரையிலிருந்து மீனாட்சியின் திருமேனியை முதுகில் சுமந்து வந்ததாக அவர்கள் மரபு சொல்கிறது. குழந்தைகளை முதுகில் கட்டிச் சுமக்கும் வழக்கத்தையும் அதோடு சேர்த்துச் சொல்வார்கள். எட்கர் தர்ஸ்டனும் கா. ரங்காச்சாரியும் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதி நூலில் முதுவர் பற்றிய பகுதி ஏல்மர் மார்ட்டின் என்பவரின் குறிப்பை ஒட்டி எழுதியது. பெயர்ந்த காலம் பற்றி அதில் ஒன்றுக்கொன்று ஒவ்வாத செய்திகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. அதைத் தொகுப்பாளர்கள் ஒட்டவைக்காமல் விட்டது நமக்கு நன்மையாயிற்று.

அதே நூலில் ஊராளிகளின் மரபும் உண்டு. மதுரை அரசருக்கு ஊர்வலங்களில் குடை பிடித்தவர்கள் தாங்கள் என்பது அவர்கள் நினைவு. அரசர் ஒருமுறை நேரியமங்கலத்துக்கு வந்தபோது உடன் வந்த முன்னோரை அங்கேயே ஆளவிட்டுப் போனாராம். இவ்வடிவத்தில் அரசர் தோற்று ஓடவில்லை. தன் நாட்டின் ஒரு பகுதியைப் பார்வையிட வந்திருக்கிறார். மலை ஏற்கெனவே மதுரைக்கு உட்பட்டது என்பது இதன் உட்பொருள். அகதிக் கதைக்கும் ஆட்சிக் கதைக்கும் உள்ள இந்த முரணை இதுவரை போதிய அளவு யாரும் கவனித்ததாகத் தோன்றவில்லை.

மன்னான்களின் மரபு இன்னும் துல்லியமானது. பூஞ்சாற்று அரசர் ஒருவர் தம் நாட்டில் மூன்று இடங்களுக்கு மூன்று மன்னான்களைப் பிரதிநிதிகளாக அமர்த்தினார். தொள்ளாயிரமலைக்கு வெள்ளி வாள் ஒன்றைச் சின்னமாகக் கொடுத்தார். மன்னாங்கண்டத்துக்கு ஒரு காப்பு. உடும்பன்சோலைக்கு வெள்ளிப் பிரம்பு. வாள், காப்பு, பிரம்பு என்ற மூன்று பொருள்களுக்குள் ஒரு நிர்வாக முறையே அடங்கியிருக்கிறது. கீழே இருந்த அரசருக்கு மலைக்கு மேலே வரி தண்டுபவர், காடு காப்பவர், ஏலமும் தேனும் சேர்த்துத் தருபவர் தேவைப்பட்டார்கள். கட்டப்பனைக்கு அருகே கோவில்மலையில் இன்றும் ராஜமன்னான் பதவி தாய்வழியில் தொடர்கிறது. ஒரு குடிமரபு தன் தலைவரின் பதவியைப் பூஞ்சாற்றோடு இணைத்து நினைப்பது, அவ்வரசு மலையில் உண்மையாகவே இயங்கியது என்பதற்கு அரண்மனை வமிசாவளியைவிடச் சிறந்த சான்று என்பது என் எண்ணம்.

மானிடவியலாளர்கள் சிலர் இதை வேறுவிதமாகப் படிப்பார்கள். மலையில் நெடுங்காலம் வாழ்ந்தவர்கள், சமவெளியின் மதிப்புமிக்க நகரம் ஒன்றைத் தம் பிறப்பிடமாகச் சொல்வது, காட்டார் என்ற இழிவுக்குக் கொடுத்த மறுமொழி என்பது அவர்கள் வாதம். ஜேம்ஸ் ஸ்காட் 2009இல் தென்கிழக்காசிய மலைநாடுகளைப் பற்றி எழுதியதை ஒட்டி, அரசிடமிருந்து தப்பவே மலையேறினார்கள் என்று சொல்வோரும் உண்டு. இரண்டாவது விளக்கம் இங்கே ஒட்டவில்லை. இம்மக்களின் கதைகளில் அரசன் தப்பவேண்டிய ஆபத்தாக வருவதில்லை. கூட வருகிறான், அல்லது அவன் நகரத்தின் தெய்வம் சுமக்கப்படுகிறது. முதல் விளக்கத்துக்கு எதிராக முதுவர், மன்னான் பேச்சுமொழியின் தமிழ்த்தன்மை நிற்கிறது. ஆனால் மொழி தனியாகக் காலத்தைச் சொல்லாது.

இதில் ஒன்றை மறக்கக் கூடாது. மறையூரைச் சுற்றி முனியறைகள் என்று மக்கள் அழைக்கும் இரும்புக்காலக் கல்லறைகள் பாறைமேல் வரிசையாக நிற்கின்றன. எந்தப் பாண்டியன் தோற்றதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இம்மலையில் மக்கள் வாழ்ந்து, இறந்தவர்களுக்குக் கல் நிறுத்தியிருக்கிறார்கள். மலை வெறும் காடாகக் கிடந்து, வந்தவர்கள் வந்து குடியேறினார்கள் என்ற எண்ணத்துக்கு அந்தக் கற்கள் இடம் தருவதில்லை.

கணவாய்களும் சுமைமாடுகளும்

குருதியை விட்டு வழிகளைப் பார்ப்பவர்கள் நான்காவது அணி. வரைபடத்தை எடுத்துக்கொண்டால் கம்பம்-குமுளி, தேவாரம், போடிமெட்டு, குரங்கணி-டாப் ஸ்டேஷன், உடுமலை-சின்னாறு-மறையூர் என்று வரிசையாகக் கணவாய்கள். மிளகும் ஏலமும் கிழக்கே இறங்கின. உப்பும் துணியும் தானியமும் மேற்கே ஏறின. இவ்வழிகளின் இரண்டு முனைகளிலும் உறவு வைத்திருப்பவருக்கே சுங்கமும் ஆதிக்கமும் கிட்டும். கிழக்கே இருப்போரிடம் பாண்டியன் என்றும், மேற்கே இருப்போரிடம் கோவிலகத்தார் என்றும் நிற்க முடிந்த ஒரு குடும்பம் இவ்வணிகத்துக்கு இயல்பான காவலர். இரட்டை அடையாளம் இங்கே தொழில் தேவை.

மேற்குச் சரிவு மட்டுமே மேல்மலையின் இயல்பான வாசல் என்ற இன்றைய எண்ணம் சாலைகள் வந்தபின் ஏற்பட்டது. தேயிலைக் காலத்தின் தொடக்கத்திலும் சரக்கு கிழக்கேதான் போயிற்று. 1902இல் ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி 1908இல் குறும்பாதையாக மாறிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில், மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி வழியாக டாப் ஸ்டேஷன் வரை ஓடியது. அங்கிருந்து கம்பிவட வழியில் தேயிலை கொட்டகுடிக்கு இறங்கிப் போடிக்குப் போயிற்று. 1924 வெள்ளம் அப்பாதையை அழித்தது. ஐரோப்பியர் பொறியியல் பின்பற்றியது சுமைமாடுகள் ஏறிய பழைய திசையை.

இந்த அணியின் குறை, அரசியல் நிகழ்வை முழுவதும் வணிகத்தில் கரைத்துவிடுவது. கணவாய் எல்லாருக்கும் பொது; அதைக் காத்தவர்கள் ஏன் பாண்டியர் பெயரையே சூடினார்கள், ஏன் மீனாட்சியையே வைத்தார்கள் என்பதற்கு வழிகளின் கணக்கில் விடை இல்லை.

பத்திரமும் மொழிவாரி எல்லையும்

பூஞ்சாற்றுக் கதையைப் பற்றிய நவீன எழுத்து எதுவும் பற்றற்ற சூழலில் எழுதியதன்று. 1877 பத்திரத்தில் பூஞ்சாற்று அரசர் நிலத்தின் உடைமையாளராகப் பேசினார். அவ்வுரிமையின் பழமைக்குப் பாண்டிய மரபு பின்னணி. 1899இல் அவர்களது மேலுரிமை திருவிதாங்கூர் அரசுக்குப் போயிற்று. 1971இல் கண்ணன் தேவன் மலை நிலங்களை மீட்கக் கேரளம் தனிச் சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்றது. அவ்வழக்கிலும் பூஞ்சாற்றுக்காரரின் பழைய உரிமை எத்தகையது என்பது விவாதப் பொருளாயிற்று. இடைக்கால வரலாற்றின் ஒரு கேள்வி நிலச்சட்ட வழக்குக்குள் வந்து நின்றது அப்படித்தான்.

மற்றொரு பக்கம், 1950களில் தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955இல் அதை ஏற்கவில்லை. 1956இல் அவை கேரளத்தில் நிலைத்தன. அக்காலத் தமிழ் எழுத்துகளில் பூஞ்சாற்றுப் பாண்டியர் மலையின் தமிழ்மைக்குச் சாட்சி. மலையாள எழுத்துகளில் அதே குடும்பம் மலை எந்நாளும் கேரள அரசர் கையில் இருந்ததற்குச் சாட்சி. ஒரே ஆதாரம் இரண்டு தரப்புக்கும் வாதாடியது. தோட்டங்களில் வேலைக்கு வந்த தமிழ்த் தொழிலாளரின் குடியேற்றத்தையும் சிலர் பழைய பாண்டிய வருகையோடு குழப்பினார்கள். தோட்டத் தொழிலாளர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அதற்குப் பின்னும் வந்தவர்கள். அவர்களது உரிமை அவர்கள் உழைப்பிலிருந்தே பிறக்கிறது. அதற்குப் பாண்டியன் துணை தேவையில்லை.

எதைத் துணிந்து சொல்லலாம், எது திறந்திருக்கிறது

இருக்கும் சான்றுகளைக் கொண்டு சிலவற்றை ஓரளவு துணிந்து சொல்லலாம். தோற்ற பாண்டியர் மேற்கே போவது அக்கால அரசியலில் இயல்பானது. 18ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மா தெக்கும்கூரை விழுங்கியபோது பூஞ்சாறு மலைமேல் தனி உரிமைகளோடு திருவிதாங்கூர் மேலாண்மைக்குள் தொடர்ந்தது. ஆகவே அதன் அரசு அதற்கு முன்பே வேரூன்றியிருக்க வேண்டும். மலைக்குடிகளின் மரபுகள் அவ்வரசை உயிருள்ள நிர்வாகமாக நினைவுகூர்கின்றன. நிறுவியவர் மதுரை அரியணையில் அமர்ந்த பாண்டியர் என்பதை மட்டும் எதுவும் உறுதி செய்யவில்லை. 12ஆம் நூற்றாண்டா, 14-15ஆம் நூற்றாண்டுகளா என்பதில் பிந்தியதன் பக்கம் தட்டு சற்றுத் தாழ்கிறது என்பது என் மதிப்பீடு. தெய்வத்தோடு ஓடுவது, நிலத்தை விலைக்கு வாங்குவது என்ற இரண்டு கூறுகளும் அக்காலச் சூழலோடு கூடுதலாகப் பொருந்துவதே காரணம். புதிய ஓர் ஓலை வந்தால் இத்தட்டு எளிதில் மறுபுறம் சாயும்.

செய்ய வேண்டிய வேலைகள் தெளிவாகவே தெரிகின்றன. கேரளத்துக் கோவிலகங்களின் பழைய ஏடுகளான கிரந்தவரிகளில் பூஞ்சாற்றோடு நடந்த மணஉறவுகளும் தத்துகளும் எப்போது முதல் பதிவாகின்றன என்று வரிசைப்படுத்த வேண்டும். பெண்வழி வருகை என்ற வாய்ப்பைச் சோதிக்க அது ஒன்றே நேர்வழி. பூஞ்சாற்று சாஸ்தா கோயிலின் கருங்கல் சுற்றுவிளக்குகளையும் காரிக்கோட்டு அண்ணாமலைநாதர் கோயிலையும் கம்பம் பள்ளத்தாக்கின் பிற்காலப் பாண்டியர் கோயில்களோடு வைத்துச் சிற்பமுறையை ஒப்பிட வேண்டும். முதுவர், மன்னான், ஊராளி மூவரின் பேச்சையும் தனித்தனியாகக் கம்பம், உடுமலை வட்டாரத் தமிழோடு ஒப்பிட்டு, எவ்வழக்கு எப்போது பிரிந்தது என்று மொழியியலார் ஆராய வேண்டும். மூவரும் ஒரே அலையில் வந்தவர்கள் என்ற எண்ணமே அதில் முதலில் உடையக்கூடும். தர்ஸ்டன் நூலுக்குப் பிறகு, இம்மரபுகளை அவற்றைச் சொல்லும் மக்களே தம் மொழியில் பதிவு செய்த தொகுப்பு ஒன்று வேண்டும். வெள்ளி வாளும் காப்பும் பிரம்பும் எந்தக் குடும்பங்களின் கையில் எதுவரை இருந்தன என்ற கேள்வியை அவர்களிடம்தான் கேட்க முடியும்.